பந்தியில் சேராத பெண்கள்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மிஷன் போர்டிங்கில் ஆறாவது வரை படித்தவள். சபையில் எழுந்து ஜெபிக்கச் சொன்னாலே எனக்கு வார்த்தை வராது. இப்படிப்பட்ட விஷயம் அச்சில் வரலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இந்த வியாதியை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நடமாடுகிற பெண்கள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வியாதியின் பெயர் அடி இறக்கம் (கர்ப்பப்பை தன் இடத்தை விட்டு நழுவிக் கீழே வருவது, நாளடைவில் உடம்புக்கு வெளியிலேயே வந்துவிடும்).

கடைசிப் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அது தொடங்கியது. கிணற்றடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். உள்ளே எதுவோ பிடியை விட்டதுபோல இருந்தது. வலி இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. பயந்துபோய் மருத்துவச்சியைக் கூப்பிட்டேன்.

"பெத்தவளுக்கெல்லாம் இருக்கறதுதானுங்க சாமி. துணியை மடிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்றாள்.

கட்டிக்கொண்டேன். வேலையைப் பார்த்தேன். சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் போதாமல் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டோம். தண்ணீர், விறகு, மாட்டுக்குத் தீனி எல்லாம் என் தலையிலும் இடுப்பிலும்தான் ஏறி வரும்.

காலையில் எழும்போது நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற அது இறங்கும். சாயங்காலம் முழுக்க வெளியே வந்துவிடும். கால்களை அகட்டி நடப்பேன். துணி உராய்ந்து புண்ணாகும். சிறுநீரை அடக்க முடியாது. இருமினால் பயம், தும்மினால் பயம், சிரித்தாலும் பயம். மற்றவர்கள் நிழலைப் பார்த்துப் பொழுதைச் சொல்வார்கள். நான் என் உடம்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவேன்.

மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் மோசமானது. வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "வயசாகுதில்ல அம்மிணி. கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார். அன்றிலிருந்து தினமும் குடும்ப ஜெபத்தில், "உம்முடைய அடியாளின் பலவீனத்தை நினைத்தருளும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

பல காலம் நானும் அப்படித்தான் நம்பினேன். வயதானால் உடம்பு தளரும், தளர்வதைப் பொறுப்பதுதான் விசுவாசம் என்று நினைத்தேன். எங்கள் போதகர் ஐயா அடிக்கடி பிரசங்கத்தில் சொல்வார்: "அவரவர் சிலுவையை அவரவர் முறுமுறுக்காமல் சுமக்க வேண்டும்." அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால் இரண்டு குடம் தண்ணீர் அதிகமாக எடுத்து வைக்க வேண்டும். கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பெண்களின் பொறுமையைப் பற்றிப் பேசுவார். அன்றைக்குத் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

இனி பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை). முன்னே போய், வெறும் தரையில் முழங்காற்படியிட்டு வாங்க வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை ஆயத்தக் கூட்டம் நடக்கும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அன்றைக்குள் ஒப்புரவாகிவிட வேண்டும். ஒப்புரவாகாதவர்கள் மறுநாள் பந்தியில் சேரக்கூடாது. இது எங்கள் ஊரில் பழைய ஒழுங்கு. ஆகவே ஒருவர் எழுந்து போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தால், அவருக்கு யாருடனோ சண்டை என்றுதான் சபை எடுத்துக்கொள்ளும்.

எனக்கு முழங்கால் போட முடியவில்லை. போட்டுவிட்டு எழுந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருமுறை அந்த இடத்திலேயே துணி நனைந்து, எழ முடியாமல் அப்படியே இருந்தேன். எல்லோரும் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. பின்னால், சுவரோரம் வயதான பெண்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

என் சண்டை யாரோடு என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தது. கடைசியில் என் நாத்தனார் சுகிர்தம் என்று முடிவு செய்தார்கள். அவளுக்கு வாய் அதிகம். என் வீட்டுக்காரருக்குத் தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றாள்.

"நங்கை, நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கறேன்" என்றாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எதுக்கு?"

"அதை நீங்கதான் சொல்லோணும். சபை மூப்பர் ஊட்டுக்கே வந்துட்டாரு. என்னாலதான் வாத்தியார் சம்சாரம் பந்தியில சேர்றதில்லையாம். நானும் நீங்களும் போட்ட சண்டை ஒண்ணா ரெண்டா? எதுன்னு சொன்னீங்கன்னா அதுக்கு மட்டும் கேட்டுட்டுப் போயிர்றேன். மத்ததுல எல்லாம் எம்பக்கந்தான் நாயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்ததில் அது இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற விதத்தைப் பார்த்து அவள் பழத்தைக் கீழே வைத்தாள்.

அவளிடம் சொன்னேன். மருத்துவச்சிக்கும் வீட்டுக்காரருக்கும் பிறகு நான் சொன்ன மூன்றாவது ஆள் அவள்தான்.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"ஜெபம் பண்றாரு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "போன வருசம் செவலை மாடு காலை ஊன முடியாம நின்னப்ப, வைத்தியனைத் தேடி ராசிபுரத்துக்கு ஓடுனாரே உங்க வாத்தியாரு. மாட்டுக்கு மட்டும் ஜெபம் பத்தாதா?"

அது எனக்குத் தோன்றியதே இல்லை. செவலைக்கு அவர் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. போகும்போது வழிச்சோறு கட்டிக் கொடுத்தவளே நான்தான். அன்று சாயங்காலம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் உடம்பெல்லாம் சூடாக இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். கோபம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது அவ்வளவு பழக்கமில்லாத ஒன்று.

அடுத்த வாரமே சுகிர்தம் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். நாமக்கல் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து சேலத்துக்குக் கரி பஸ் (உலக யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாததால் அடுப்புக்கரியில் ஓடிய பஸ்). மேட்டில் வண்டி இழுக்காது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

"இறங்குங்கம்மா, மேடு" என்றார் கண்டக்டர்.

"அவங்க எறங்க மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்து நானே தள்றேன், உம்பட வண்டியை நீ பாரு சாமி" என்று சுகிர்தம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மிஷன் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். வயது என்னைவிடக் குறைவாகவே இருக்கும். பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்:

"எத்தனை வருஷமா இப்படி?"

"கடைசிப் பையன் பொறந்ததுலருந்துங்க."

"பையன் என்ன பண்றான்?"

"பட்டாளத்துல இருக்கறானுங்க."

டாக்டர் கை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கும் சொல்லலையா?"

"ஜெபம் பண்ணுனேனுங்க."

"ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் யாரும் சொல்லலை" என்றார்.

அந்த அம்மாள் கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபம் என் மேல் இல்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்காக ஒருவர் கோபப்பட்டதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துத் தாங்க வைத்திருக்கலாமாம். இப்போது அது நிற்காது, ஆபரேஷன்தான் என்றார். அதற்கு முன் புண் ஆற வேண்டும். தினமும் கிளிசரினில் நனைத்த துணியை உள்ளே வைத்து, படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் பகல் வேளையில் நான் படுத்தது அதுதான் முதல்.

பக்கத்துக் கட்டிலில் பாவாயி என்று ஒரு பெண். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண்மணி. அவளுக்கும் இதே வியாதி. ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்க சாமிக்கு மண்டி போட்டாத்தான் கண்ணு தெரியுமாக்கும்? எங்க மாரியாத்தா, நின்னு கும்பிட்டாலும் சரின்னுருவா" என்றாள். நான் அவளுக்குச் சுவிசேஷம் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். அங்கே படுத்துக்கொண்டு சிரிக்கப் பயமில்லை.

ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார்.

"இந்த வயசுல கத்தி வேணுமா அம்மிணி? உசிருக்கு ஒண்ணு ஆனா? இத்தனை வருசம் கர்த்தர் காத்தாரே."

நான் அவரை எதிர்த்துப் பேசியவள் இல்லை. என்னை அறியாமல் வார்த்தை வந்தது. "காத்தது கர்த்தருங்க. சொமந்தது நானு. நீங்க என்ன பண்ணுனீங்க?"

வார்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பாவாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முகம் கறுத்துப்போனது. "எங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டார். போட்டார். பேனா வைத்த இடத்தில் மை கொட்டியிருந்தது.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு இருக்கும்). முதலில் கால்கள் கனத்தன. பிறகு கால்களே இல்லை. டாக்டர் ஜெபித்துவிட்டு, "நீங்களும் மனசுக்குள்ள ஜெபிச்சுக்கங்க" என்றார்.

நான் ஜெபிக்கவில்லை. உள்ளதை எழுதுகிறேன். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு ஆண்டவரிடம் கோபமாகக் கேட்டேன். இந்த உடம்பைச் செய்தவர் நீர். இதைப் பற்றி வாய் திறக்க வெட்கப்பட வேண்டும் என்று சொன்னது யார்? நீரா, அவர்களா? உம்முடைய சிலுவையைச் சுமக்க வழியில் ஒருவனைப் பிடித்தார்களே, எனக்கு ஒரு குடம் தூக்க யாரைப் பிடித்தீர்? இதையெல்லாம் கேட்டேன். பதில் வரவில்லை. கத்திரிகள் தட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது யாரோ கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

பிறகு கொஞ்ச நாள் மல்லாந்து படுக்கை. சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தார்கள். அது வெட்கம். மலம் இறுகக்கூடாது என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அதைவிட வெட்கம். இரண்டையும் தாண்டிவிடலாம் என்று வாசிக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். நடுவில் ஒரு நாள் காய்ச்சல் வந்து மாத்திரையில் இறங்கியது. எழுந்து நடக்கச் சொன்னபோது நான் வழக்கம்போலக் கால்களை அகட்டி வைத்தேன். நர்ஸ் சிரித்தாள். "அம்மா, இனிமே நேரா நடக்கலாம்." நேராக நடக்க மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: தண்ணீர்க்குடம் தொடக்கூடாது. குத்துக்கால் போட்டு உட்காரக்கூடாது. முழங்கால் போடக்கூடாது. இப்போதைக்கு மட்டும் இல்லை. கனம் தூக்குவதை என்றைக்குமே விட்டுவிட வேண்டும்.

ஊருக்கு வந்ததும் போதகர் ஐயா பார்க்க வந்தார். வருகிற சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சுகம் பெற்றவர்கள் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வது எங்கள் வழக்கம்.

"வியாதியின் பெயர் வேண்டாம் அம்மா. ஒரு பலவீனம் என்றால் போதும். கூடவே உங்கள் நாத்தனாரோடு ஒப்புரவானதையும் சொன்னால் சபைக்குப் பக்திவிருத்தியாக இருக்கும்."

"எங்களுக்குள்ள சண்டையே இல்லீங்களே ஐயா" என்றேன்.

அவர் புன்னகைத்தார். "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சேருங்கள்."

"முழங்கால் போடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நின்னுக்கிட்டு வாங்கிக்கறேனுங்க."

"சபை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. நன்றாகத் தேறின பிறகு வாருங்கள், ஆண்டவர் காத்திருப்பார்."

எனக்கு அப்போது சுவரோரம் உட்காரும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒருத்தியும் பந்திக்குப் போனதில்லை. போதகர் ஐயா ஒருமுறை பிரசங்கத்திலேயே வேடிக்கையாகச் சொன்னார்: "வயது ஏற ஏற நம் சகோதரிகளுக்கு வாய் நீளமாகிறது, பந்தி தூரமாகிறது." ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். கிழவிகள் சண்டைக்காரிகள் என்று நானும்தான் நம்பியிருந்தேன்.

"ஐயா, செவுத்தோரம் ஒக்காந்திருக்கறவங்க எதுக்குப் பந்திக்கு வர்றதில்லைன்னு ஒருக்காலாச்சும் கேட்டீங்களா?" என்றேன். "அவங்களுக்கும் யாரு மேலயும் சண்டை இல்லீங்க. ஒருத்திக்கு முழங்காலு. ஒருத்திக்கு இடுப்பு. எத்தனை பேருக்கு எம்பட வியாதின்னு எனக்குத் தெரியாது. அவங்க சொல்ல மாட்டாங்க. நானும் சொல்லலீங்களே."

அவர் எழுந்து கிளம்பினார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார்.

சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். வியாதியின் பெயரைச் சொன்னேன். ஆபரேஷன் செய்தால் தீரும் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தி நேரத்தில் முன்னே போனேன். வரிசையாக எல்லோரும் முழங்காற்படியிட்டார்கள். நான் நின்றேன். நின்றுகொண்டிருந்தபோது என் உடம்பில் ஒன்றும் இறங்கவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது என்பதே ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்தது. உள்ளே பொழுது சொல்லிக்கொண்டிருந்த அது இல்லை. காலை எப்படியோ அப்படியே மத்தியானமும் இருந்தது. வயதாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். தலை பாதி நரைத்துவிட்டது. ஆனால் இனி வருகிற நாட்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை, சும்மா நடந்து போகலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆண்டவரை நம்பித்தான் நின்றேன். கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க இடம் இருந்தது.

பக்கத்தில் வந்தது சுகிர்தம். அவள் முழங்கால்கள் கல்லுப்போல இருக்கின்றன. அவளும் நின்றாள்.

போதகர் ஐயா தட்டோடு என் முன்னால் வந்து நின்றுவிட்டார். அப்போது பின்னால், சுவரோரத்திலிருந்து பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. யாரோ தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். பிறகு இன்னொருவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் நடை மெதுவாக வந்தது. அந்த நடை எப்படிப்பட்டது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. கால்களை அகட்டி வைக்கிற நடை.

அவர்கள் வந்து சேரும்வரை நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். ஐயா அப்பத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. போதகர் ஐயாவிடமிருந்து சொல்லி அனுப்பியது எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டு திரும்பி வந்தார்.